நாற்பது கட்டுரை படித்தேன், நாற்பது பதில் வந்தது

வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இயந்திர உதிரிபாகங்களை வாங்கித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் குடும்ப நிறுவனம் அவர்களுடையது. 140 பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் தொலைபேசியில் வரும், மின்னஞ்சலில் வரும், சில சமயம் வாட்ஸ்அப்பில் புகைப்படமாகவும் வரும். அதை ஒருவர் நோட்டில் எழுதுவார். இன்னொருவர் பில்லிங் சாஃப்ட்வேரில் ஏற்றுவார். குடோனில் இருப்பவர் தன்னுடைய எக்ஸெல் ஃபைலில் தனியாகக் கழிப்பார். மூன்று கணக்கும் ஒத்துப்போகிற நாள் அபூர்வம். எல்லாவற்றையும் ஒரே ஈஆர்பி மென்பொருளுக்குள், அதாவது ஆர்டர், பில்லிங், இருப்பு எல்லாவற்றையும் ஒரே கணக்காக இணைக்கும் மென்பொருளுக்குள், கொண்டுவந்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. நிதியைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவோ, "இந்த மாதிரி முயற்சியில 70 சதவீதம் தோல்விதான், ஆராய்ச்சியே சொல்லுது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மேலாண்மை படித்தவர் என்பதால் பஞ்சாயத்து வாசகியிடம் வந்திருக்கிறது: "ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடும்மா."

மூன்று மாதமாகப் படிக்கிறார். ஃபைலில் நாற்பது கட்டுரைகள். லாபம் கூடுகிறது என்பவை 22, பலன் இல்லை அல்லது உறுதியாகச் சொல்ல முடியாது என்பவை 11, மீதி ஏழு என்ன சொல்கின்றன என்றே புரியவில்லையாம். நேரமில்லாதபோது ஒரு ஏஐ செயலியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கியிருக்கிறார். அது தானாகப் பரிந்துரைத்துச் சுருக்கியும் கொடுத்த மூன்று கட்டுரைகளை எங்கு தேடியும் காணோம். போதாததற்கு, மென்பொருள் விற்க வந்தவர் ஒரு வண்ண அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் கேட்பது மூன்று. 22-க்கு 11 என்பதால் பெரும்பான்மை ஆதரவு என்று எழுதிவிடலாமா? அந்த 70 சதவீதம் உண்மையா? "இவ்வளவு முரண்பாடு என்றால் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு மனசு சொல்கிறபடி முடிவெடுக்கலாமா? எனக்குப் படிக்கத் தெரியவில்லையா, இந்தத் துறையே இப்படித்தானா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவர், ஏஐ கொடுத்த தலைப்புகளைத் தேடிப் பார்த்து "இப்படி ஒன்றே இல்லையே" என்று கண்டுபிடித்திருக்க மாட்டார். அப்படியே ஒட்டி அப்பாவிடம் நீட்டியிருப்பார். உங்கள் சிக்கல் வேறு. "டிஜிட்டலுக்கு மாறினால் லாபமா?" என்ற ஒரே கேள்வியை நாற்பது பேரிடமும் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களோ ஆளுக்கொரு கேள்வியை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறார்கள். பதில்கள் முட்டிக்கொள்வது போலத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான்.

ஆகவே, ஓட்டு எண்ணுவதை விட்டுவிடுங்கள். எண்ணக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலன் தெரிந்த ஆய்வு ஆய்விதழில் ஏறுவது எளிது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று முடிந்த ஆய்வு பல சமயம் ஆய்வாளரின் மேசை இழுப்பறையிலேயே தூங்கிவிடும். நீங்கள் எண்ணியது வெளியே வந்தவற்றை மட்டும்தான்.

எதை 'டிஜிட்டல்' என்றார்கள்?

ஒவ்வொரு கட்டுரையிலும் முகப்பில் இருக்கும் சுருக்கத்தைத் தாண்டி, அளவீட்டைப் பற்றிய பகுதிக்கு நேரே போங்கள். பின்னிணைப்பு இருந்தால் அதையும் புரட்டுங்கள். ஒருவர் கணினிகளின் முதலீட்டு மதிப்பை எடுத்திருப்பார். இன்னொருவருக்கு நிறுவனத்துக்கு இணையதளம் இருந்தாலே போதும். மூன்றாமவர் மேலாளரிடம் "உங்கள் நிறுவனம் எந்த அளவுக்கு டிஜிட்டல்மயமாகியிருக்கிறது, ஒன்று முதல் ஏழு வரை சொல்லுங்கள்" என்று கேட்டிருப்பார்.

சீனப் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் குவிந்திருக்கும் கட்டுரைகள் பலவற்றில் வேறொரு உத்தியைப் பார்க்கலாம். ஆண்டறிக்கையில் 'கிளவுட்', 'பிக் டேட்டா', 'செயற்கை நுண்ணறிவு' போன்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணினி எண்ணித் தரும். அந்த எண்ணிக்கைதான் அந்த நிறுவனத்தின் 'டிஜிட்டல் அளவு'. ஆயிரக்கணக்கான நிறுவனங்களைப் பல ஆண்டுகளுக்கு ஒரே மாதிரி அளக்க முடிகிறது என்பது இதன் பலம். ஆனால் அறிக்கை எழுதியவரின் சொல் ஆர்வத்தையும் அது சேர்த்தே அளந்துவிடுகிறது. உங்கள் குடோன் எக்ஸெல் ஃபைலுக்கும் இந்த எண்ணிக்கைக்கும் என்ன உறவு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் 22-ல் இப்படிப்பட்டவை எத்தனை என்று பாருங்கள்.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. காகித ரசீதை ஸ்கேன் செய்து வைப்பது ஒன்று. ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு வெளியே போகும் வரை வேலை நடக்கும் முறையையே கணினி வழியாக மாற்றுவது இரண்டாவது. சரக்கு விற்பதை விட்டு, இயந்திரம் நிற்காமல் ஓடுவதற்குச் சந்தா வாங்குகிற மாதிரித் தொழிலையே மாற்றுவது மூன்றாவது. பீட்டர் வெர்ஹூஃப் குழுவினர் 2021-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த மூன்றையும் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. உங்கள் அப்பா கேட்பது நடுவில் இருப்பதை. மூன்றாவதைப் பற்றிய கட்டுரைகளை ஃபைலிலிருந்து எடுத்துத் தனியே வைத்தாலே பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

முழுத் துறையின் வரைபடம் வேண்டுமென்றால் 2019-ல் கிரெகரி வியால் எழுதிய தொகுப்புக் கட்டுரையைப் படியுங்கள். 282 படைப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது அது. தனிக் கட்டுரைகளுக்கு முன்னால் இப்படி ஒன்றைப் படித்திருந்தால் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

யாரைக் கேட்டார்கள்?

இந்தத் துறையில் கேள்வித்தாள் ஆய்வுகள் மிக அதிகம். அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஆலோசகராவதற்கு முன் ஒரு நிறுவனத்தில் பிரிவு மேலாளராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிளம்புகிற நேரத்தில், பல்கலைக்கழக ஆய்வு என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. மேலதிகாரி "நிரப்பி அனுப்பிடுங்க" என்று தள்ளிவிட்டிருந்தார். அறுபதுக்கு மேல் கேள்விகள். முப்பதைத் தாண்டியபோது கை தானாக டிக் அடித்துக்கொண்டிருந்தது. "வாடிக்கையாளர் தேவைகளுக்கு உங்கள் நிறுவனம் எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது?" ஆறு போட்டேன். ஏழு போட்டால் பீற்றிக்கொள்வது போல இருக்கும், ஐந்து போட்டால் நிறுவனத்தைக் காட்டிக்கொடுத்தது போல இருக்கும். அந்த நேரத்தில் என் இன்பாக்ஸில் ஒரு வாடிக்கையாளரின் புகார் நான்கு நாளாகப் பதில் இல்லாமல் கிடந்தது. "உங்கள் தகவல் அமைப்புகள் எவ்வளவு மேம்பட்டவை?" அதற்கும் ஆறு. "கடந்த மூன்று ஆண்டுகளில் போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் லாபம்?" போட்டியாளரின் லாபம் எனக்கு எங்கே தெரியும்? ஆறு.

இப்போது இந்தத் தாளும் இதுபோல முந்நூறு தாள்களும் ஒரு ஆய்வாளரிடம் போகின்றன. மேம்பட்ட அமைப்பு ஆறு, வேகம் ஆறு, லாபம் ஆறு. கணக்குப் போட்டால் அழகான தொடர்பு வரத்தானே செய்யும்? ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. ஒரே ஆளின் அன்றைய மனநிலை இரண்டு பக்கத்திலும் பதிந்துவிட்டது. இந்தச் சாய்வு ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். நல்ல கட்டுரைகள் லாபத்தை மட்டுமாவது தணிக்கை செய்த கணக்குகளிலிருந்து தனியாக எடுத்திருக்கும். உங்கள் ஃபைலில் அப்படி எடுத்தவை எவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு உண்மையானதாக இருந்தாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் 1993-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்: வேலையில் கணினி பயன்படுத்துகிற அமெரிக்கர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள். கணினிதான் காரணம் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1997-ல் ஜான் டிநார்டோவும் யோர்ன்-ஸ்டெஃபான் பிஷ்கேவும் ஜெர்மானியத் தரவுகளை வைத்து அதே கணக்கைக் கணினிக்குப் போட்டார்கள், பிறகு பென்சிலுக்கும் போட்டார்கள். பென்சில் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே மாதிரி கூடுதல் சம்பளம் வந்தது! உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான். பென்சில் வாங்கிக் கொடுத்தால் சம்பளம் உயரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே அதிகச் சம்பளம் வருகிற வேலைகளில்தான் பென்சிலும் நாற்காலியும் கணினியும் இருக்கின்றன. உங்கள் 22 கட்டுரைகளில் ஒவ்வொன்றையும் இந்தப் பென்சிலால் தட்டிப் பாருங்கள்: மென்பொருளால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் மென்பொருள் வாங்கினார்களா?

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அதிர்ஷ்டவசமாக அது ஈஆர்பி பற்றியதும்கூட. சினான் அரல், எரிக் பிரின்ஜோல்ஃப்ஸன், டி.ஜே. வூ மூவரும் 2006-ல், ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் அமெரிக்க வாடிக்கையாளர்களான 623 பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். வாங்கிய தேதியும், உண்மையில் ஓடத் தொடங்கிய தேதியும் தனித்தனியாகக் கையில் இருந்தன. ஈஆர்பி விஷயத்தில், வாங்கியதற்கும் செயல்திறனுக்கும் தொடர்பே தெரியவில்லை. ஓடத் தொடங்கியதற்கும் செயல்திறனுக்கும் தொடர்பு இருந்தது. பணம் இருந்ததால் வாங்கினார்கள் என்பதே முழுக் கதையாக இருந்திருந்தால், வாங்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஆதரவாக உங்களிடம் இருக்கக்கூடிய வலுவான சான்று இது. ஆனால் 140 பேர் நிறுவனத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவை எல்லாம் பங்குச்சந்தையில் இருக்கும் பெருநிறுவனங்கள்.

எப்போது அளந்தார்கள்?

1987-ல் ராபர்ட் சோலோ ஒரு புத்தக மதிப்புரையில் போகிறபோக்கில் எழுதினார்: கணினி யுகத்தை எங்கும் பார்க்க முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் காணோம். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஒரு வரியைத் துரத்திக்கொண்டு ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் ஓடினார்கள்.

பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நீராவி காலத் தொழிற்சாலையில் ஒரே பெரிய எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையையொட்டி நீளமான இரும்புத் தண்டு ஓடும். தண்டிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றும். மின்சாரம் வந்ததும் பலர் செய்தது என்ன? நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய மின் மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் அப்படியே. பலனும் சுமார்தான். இயந்திரத்துக்கு ஒரு சிறு மோட்டார் என்று வைத்து, தண்டைக் கழற்றி எறிந்து, வேலை போகிற வரிசைப்படி தொழிற்சாலையை மாற்றி அமைத்த பிறகுதான் உற்பத்தித்திறன் எகிறியது. எடிசனின் மின்நிலையம் 1882-ல் ஓடத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920-களில்.

நோட்டு, பில்லிங், குடோன் எக்ஸெல் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஈஆர்பியை ஏற்றினால், தண்டைக் கழற்றாமல் மோட்டார் வைத்த கதைதான். நோட்டில் எழுதுபவர் எழுதிக்கொண்டே இருப்பார், நான்காவதாக ஒரு கணக்கு சேரும்.

காலம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு எண் தருகிறேன். பிரின்ஜோல்ஃப்ஸனும் லோரின் ஹிட்டும் 1987 முதல் 1994 வரை 527 பெரிய அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்தார்கள். ஓராண்டு இடைவெளியில் அளந்தால், கணினியால் வந்த பலன் சாதாரண முதலீட்டுக்கு வரவேண்டிய அளவுதான். ஐந்து முதல் ஏழு ஆண்டு இடைவெளியில் அளந்தால், அதைவிட 5 மடங்கு வரை. தரவு ஒன்றுதான், ஆய்வாளர்களும் அவர்களேதான். உங்கள் 22-ம் 11-ம் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது இப்போது புரிகிறதா? அந்த 5 மடங்கையும் கணினியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நிறுவனங்கள் பயிற்சிக்கும் வேலைமுறை மாற்றத்துக்கும் செலவிட்டதும் அதில் கலந்திருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் விளக்கமே.

நிக் ப்ளூம், ரஃபேல்லா சதுன், ஜான் வான் ரீனன் 2012-ல் வெளியிட்ட ஆய்வும் இங்கேதான் வந்து சேர்கிறது. பிரிட்டனில் இயங்கிய அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனக் கிளைகள், மற்ற பன்னாட்டு நிறுவனங்களைவிடத் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து அதிகப் பலன் எடுத்தன. அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறிய கிளைகளிலும் அது தெரிந்தது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, உயர்த்துவது, வெகுமதி கொடுப்பது, நீக்குவது என்ற நிர்வாக வேலைகளில் இருந்த வித்தியாசத்தோடு அதற்குத் தொடர்பு இருந்தது.

சித்தப்பாவின் 70 சதவீதம்

இந்த எண்ணுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1993-ல் மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்ப்பியும் தொழில் நடைமுறைகளை அடியோடு மாற்றி அமைப்பதைப் பற்றி எழுதிய நூலில், இதில் இறங்குகிறவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேர் எதிர்பார்த்த பெரும் பலனை எட்டுவதில்லை என்றார்கள். இது அறிவியல் முறைப்படி எடுத்த கணிப்பு இல்லை என்றும் அங்கேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் குறிப்பு வழியில் உதிர்ந்துவிட்டது. 50-ம் உதிர்ந்தது. பெரும் பலனை எட்டவில்லை என்பது தோல்வி என்று ஆனது. நடைமுறை மாற்றம் என்பது எல்லா மாற்றமும் ஆகி, இன்று டிஜிட்டல் மாற்றத்தின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மார்க் ஹ்யூஸ் என்ற ஆய்வாளர் 2011-ல் இந்த 70-ஐ எடுத்தாண்ட முக்கியமான ஐந்து இடங்களைத் தோண்டிப் பார்த்தார். எதற்குப் பின்னாலும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தார்.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லும்போது, அவர் தோற்றுவிட்டார் என்பது போலச் சொல்லிவிடாதீர்கள். எண்தான் தவறு, பயம் நியாயமானது. அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999-ல் புதிய மென்பொருள் அமைப்புக்கு மாறியபோது, ஆண்டின் பெரிய விற்பனைக் காலம் தொடங்கிவிட்டது. கையில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திணறியது. எந்த மாதத்தில் மாறுகிறோம் என்பது எவ்வளவு பெரிய முடிவு என்பதை இந்த ஒரு நிகழ்வு காட்டிவிடும். நிதி பார்க்கிறவர் என்ற முறையில், மாறக் கூடாத மாதங்கள் எவை என்ற பட்டியலை அவரிடமே கேளுங்கள். எதிர்த்தவர் கையால் எழுதிய திட்டத்துக்கு ஆயுசு அதிகம் என்பது என் அனுபவம்.

வண்ண அறிக்கை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்பவர் தன் வாடிக்கையாளர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேச வைத்திருக்கிறார். எத்தனை பேரிடம் கேட்டார், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், விட்டுவிட்டுப் போனவர்கள் அதில் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். வருகிற பதில், அல்லது வராத பதில், அறிக்கையைவிடப் பயனுள்ளது.

இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மொத்தமாக ஒரே நாளில் மாறுவது. இன்னும் தெளிவு வரட்டும் என்று காத்திருப்பது. ஒரு பகுதியில் தொடங்கி அளந்துகொண்டே போவது. முதலாவதில் நிர்வாகத்தின் முழுக் கவனமும் ஒரே இடத்தில் இருக்கும், இரட்டைக் கணக்கு எழுதுகிற காலம் குறையும். ஆனால் தப்பினால் மொத்த ஆர்டரும் நிற்கும். இரண்டாவது பாதுகாப்பாகத் தெரியும். மூன்று கணக்கு ஒத்துப்போகாததற்கு நீங்கள் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிற விலை யார் புத்தகத்திலும் ஏறாததால் வரும் பிரமை அது. நான் மூன்றாவதன் பக்கம். அது ஜாக்கிரதையானது என்பதால் மட்டும் சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை நாற்பதிலும் இல்லை, அதை நீங்களேதான் எழுத வேண்டும்.

அதற்கு வாங்குவதற்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள். ஆர்டர் வந்த நேரத்திலிருந்து சரக்கு வெளியேறும் நேரம் வரை எத்தனை மணி? நூறு ஆர்டரில் தவறான பாகம் போனவை எத்தனை? இருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேடி இல்லாமல் போனவை எத்தனை? இந்த மூன்று போதும், பத்து வேண்டாம். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் விற்பனை கூடும் காலமும் குறையும் காலமும் இரண்டும் அடங்கும்படி. மிக மோசமான மாதம் முடிந்த கையோடு தொடங்காதீர்கள். அடுத்த மாதம் எப்படியும் கொஞ்சம் தேறும், அந்தப் பெயர் மென்பொருளுக்குப் போய்விடும்.

பிறகு, ஒரே மாதிரியான இரண்டு சரக்குப் பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றில் முதலிலும் மற்றதில் சில மாதம் கழித்தும் கொண்டுவாருங்கள். சுமார் 5,000 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் ஏஐ உதவியாளர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து 2025-ல் ஆய்விதழில் வெளியான ஆய்வின் அடிப்படையும் இதுதான். ஊழியர்களுக்கு அது வெவ்வேறு நேரத்தில் கிடைத்ததால், கிடைத்தவரையும் இன்னும் கிடைக்காதவரையும் ஒப்பிட முடிந்தது. சராசரியாகச் சுமார் 15 சதவீதம் முன்னேற்றம். ஆனால் அது பெரும்பாலும் புதியவர்களிடம் வந்தது, பழுத்த கைகளிடம் வித்தியாசம் மிகக் குறைவு. உங்களுக்கும் சராசரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குடோனில் பல வருடம் இருப்பவருக்கு எந்தப் பாகம் எங்கே என்பது தலைக்குள் இருக்கும். முதல் சில மாதங்களில் அவர் வேகம் குறையும், எரிச்சல் வரும். அதைச் சோம்பல் என்று எழுதிவிட வேண்டாம். அவர் தலைக்குள் இருப்பதை எழுதி வாங்குவதும் இந்தத் திட்டத்தின் செலவுதான், அதற்கான நேரத்தைக் கணக்கில் சேருங்கள்.

ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவரிடம் போகும்போது இந்தக் கேள்விகளோடு போங்கள். உள்ளே ஏற்றுகிற தரவு யாருடையது என்று எழுத்தில் இருக்கிறதா? விலகினால் எல்லாத் தரவும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்துக்குத் திரும்பக் கிடைக்கும்? 'முடிந்தது' என்று எதை வைத்துச் சொல்வது, அதைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் உரிமை உங்களுக்கா அவர்களுக்கா? தேதி தள்ளிப்போனால் யார் செலவு? பயிற்சி விலைக்குள் அடங்குமா, எத்தனை பேருக்கு? டெமோவில் எல்லாம் ஓடும். உங்கள் சொந்த ஆர்டர்களில் மிகச் சிக்கலான இருபதைக் கொண்டுபோய் அவர்கள் கண்முன் ஏற்றச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் புகைப்படமாக வந்ததையும் சேர்த்து.

அப்பா கேட்ட ஒரு பக்கத்துக்கு வருவோம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "ஈஆர்பி வாங்கினாலே பலன் என்பதற்குச் சான்று இல்லை. ஓடத் தொடங்கி, வேலைமுறையும் கூடவே மாறிய பெரிய நிறுவனங்களில் பலன் வந்ததற்கு நல்ல சான்று உண்டு. அது தெரிய ஆண்டுகள் ஆயின. நம் அளவு நிறுவனங்களைப் பற்றி என் ஃபைலில் இருப்பவை பெரும்பாலும் கேள்வித்தாள் ஆய்வுகள், அவற்றின் மேல் பெரிய பாரம் ஏற்ற முடியாது. 70 சதவீதம் தோல்வி என்ற எண்ணுக்கு அடிப்படை இல்லை. ஆகவே முதலில் மூன்று விஷயங்களை மூன்று மாதம் அளப்போம், பிறகு ஒரு பிரிவில் தொடங்குவோம்." கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்த பிறகு மூன்றாவது வரி உங்கள் ஃபைலுக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஃபைலைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு கட்டுரை மேலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டி நான்கு விஷயம் எழுதுங்கள்: எதை டிஜிட்டல் என்றார்கள், யாரிடமிருந்து தகவல், எத்தனை ஆண்டு இடைவெளி, காரணத்தைச் சோதித்தார்களா. இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். பணம் கட்டினால்தான் திறக்கும் கட்டுரை ஏதாவது மிச்சமிருந்தால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியாகப் பிரதி அனுப்புவார்கள். புரியாத அந்த ஏழையும் அளவீட்டுப் பகுதியிலிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கேயும் எதை அளந்தார்கள் என்று தெளிவாக இல்லையென்றால் பழி உங்கள்மேல் இல்லை.

கிடைக்காமல் போன அந்த மூன்று கட்டுரைகளின் சுருக்கங்கள் இன்னும் ஃபைலில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். சித்தப்பா கண்ணில் முதலில் படுவது அவையாகத்தான் இருக்கும்.